ஐம்பது வயதில் ஸ்கீ பந்தயம்: மாஸ்டர்ஸ் உலகக் கோப்பையா, நெடுந்தூர ஓட்டமா?

நாற்பதோ ஐம்பதோ தாண்டிய பிறகும் நெஞ்சில் எண் கட்டிக்கொண்டு கிராஸ் கன்ட்ரி ஸ்கீ பந்தயத்தில், அதாவது பனித்தடத்தில் மேடும் பள்ளமுமாக நீண்ட தூரம் ஸ்கீயில் ஓடும் பந்தயத்தில், நிற்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பெரிய வழிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, உலக மாஸ்டர்ஸ் சங்கம் ஆண்டுதோறும் ஒவ்வொரு ஊரில் நடத்தும் மாஸ்டர்ஸ் உலகக் கோப்பை. இன்னொன்று, வாசாலொப்பெட், பிர்கெபெய்னர், மார்ச்சாலோங்கா, எங்காடின் என்று பெயர் பெற்ற, ஆயிரக்கணக்கானோர் ஒரே காலையில் கிளம்பும் நெடுந்தூர ஓட்டங்கள். வருடத்துக்கு ஒரு பயணம்தான் முடியும், அதற்கே விடுமுறையையும் பயிற்சியையும் மாதக்கணக்கில் சேர்த்து வைக்க வேண்டும் என்கிற நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தயம் ஓட வேண்டும், பக்கத்தில் இருப்பவரை ஜெயிக்கவோ அவரிடம் தோற்கவோ வேண்டும் என்றால் மாஸ்டர்ஸ்தான். நெடுந்தூர ஓட்டம் அருமையான அனுபவம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வயதுப் பிரிவு என்பது பெரும்பாலும் ஓட்டம் முடிந்தபின் முடிவுப் பட்டியலில் மட்டுமே தெரிகிற விஷயம்.

மாஸ்டர்ஸ் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 30 வயதில் தொடங்கி ஐந்தைந்து வருடங்களாகப் பிரிவுகள், 30–34, 35–39 என்று போய் எண்பதுகள், தொண்ணூறுகள் வரைக்கும். பிறந்த ஆண்டை வைத்துத்தான் பிரிவு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. தகுதிச் சுற்று எதுவும் கிடையாது, அந்தந்த நாட்டின் பொறுப்பாளர் வழியாகப் பெயர் கொடுத்தால் போதும், யாரும் போகலாம். ஒரு வாரத்துக்கும் மேல் நீளும் நிகழ்ச்சியில் ஆளுக்கு மூன்று தனிநபர் பந்தயங்கள், குறுகியது, நடுத்தரம், நீண்டது. வயது ஏற ஏறத் தூரத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு பந்தய நாளுக்கும் கிளாசிக் பாணியா (இரு ஸ்கீயும் இணையான தடத்தில் நேராகப் போவது) ஸ்கேட்டிங் பாணியா (ஸ்கீயைப் பக்கவாட்டில் உதைத்து வழுக்கிப் போவது) என்று நீங்களே முடிவு செய்யலாம். நடுவில் ஒரு ரிலே உண்டு, நான்கு பேர், ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர், முதல் இருவர் கிளாசிக், அடுத்த இருவர் ஸ்கேட்டிங்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டார்ட் கோடு. உங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக நிற்கிறார்கள், துப்பாக்கி வெடித்ததும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள், சில நிமிடம் கழித்து அடுத்த பிரிவு. யார் முன்னால் இருக்கிறாரோ அவர்தான் முன்னால் இருக்கிறார், கணக்குப் போட ஒன்றுமில்லை. ஏற்றத்தில் விட்டுப் பிரிகிறவரைத் துரத்தலாமா, அடுத்த இறக்கத்தில் பிடித்துக்கொள்ளலாமா, கடைசி நூறு மீட்டருக்கு எதை மிச்சம் வைப்பது என்ற யோசனையெல்லாம் அறுபது வயதிலும் அப்படியே உயிரோடு இருக்கிறது. முன்னாள் ஒலிம்பிக் வீரர்களும் சில பிரிவுகளில் வந்து நிற்பார்கள், அதில் மனம் தளர வேண்டியதில்லை. நாற்பதாவது இடத்துக்கு நடக்கும் சண்டையும் முதல் இடத்துச் சண்டை அளவுக்கே சூடாக இருக்கும், ஏனென்றால் பக்கத்தில் ஓடுகிறவருக்கும் உங்கள் வயதுதான், உங்கள் முட்டிவலிதான்.

இப்போது நெடுந்தூர ஓட்டங்கள். ஸ்வீடனின் வாசாலொப்பெட் 1922இல் தொடங்கியது, சேலனிலிருந்து மோராவுக்கு 90 கிலோமீட்டர், முழுக்க கிளாசிக், மார்ச் முதல் ஞாயிறு காலையில் ஆயிரக்கணக்கானோர் கிளம்புவார்கள். பெண்கள் அதிகாரபூர்வமாக அதில் கலந்துகொள்ள 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இத்தாலியின் மார்ச்சாலோங்கா 70 கிலோமீட்டர், அதுவும் கிளாசிக், களைத்து வருகிறவர்களுக்குக் கடைசியில் கவலேசே ஊருக்குள் ஏறும் செங்குத்தான ஏற்றம் காத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் எங்காடின் மலோயாவிலிருந்து எஸ்-சான்ஃப் வரை 42 கிலோமீட்டர், உறைந்த ஏரிகளின் மேல் தொடங்கும் ஸ்கேட்டிங் ஓட்டம். 1973இல் தொடங்கிய அமெரிக்க பிர்கெபெய்னர் இப்போது விஸ்கான்சினில் கேபிளிலிருந்து ஹேவார்டுக்கு, சுமார் 50 கிலோமீட்டர்.

இவற்றில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது நீங்கள் எந்தத் தொகுதியிலிருந்து கிளம்புகிறீர்கள் என்பதுதான். முந்தைய ஓட்டங்களின் நேரத்தை வைத்து ஆட்களைத் தொகுதி தொகுதியாக நிறுத்துகிறார்கள். காட்ட நேரம் எதுவும் இல்லாத புதியவருக்குக் கடைசித் தொகுதி. வாசாலொப்பெட்டில் இதன் பொருள் என்னவென்றால், கிளம்பிய சிறிது நேரத்திலேயே வரும் நீண்ட ஏற்றத்தில் அத்தனை தடங்களும் சுருங்கி, முன்னால் இருப்பவரின் ஸ்கீயை மிதிக்காமல் ஊன்றுகோலை முறிக்காமல் நெருக்கியடித்து நின்று நின்று நகர வேண்டியிருக்கும். உடம்பில் எவ்வளவு தெம்பு இருந்தாலும் அங்கே போன நேரம் போனதுதான். அப்புறம் முடிவில் உங்கள் வயதுப் பிரிவில் இத்தனையாவது இடம் என்று ஒரு எண் வரும். அந்தப் பிரிவில் உங்களுக்கு முன்னால் வந்தவர் நான்காம் தொகுதியில் கிளம்பியிருப்பார், நீங்கள் பத்தாவதில், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டீர்கள்! அதைப் போட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒரு ஓட்டம் இந்தக் குறையை அழகாகச் சரி செய்திருக்கிறது, அது நார்வேயின் பிர்கெபெய்னர். ரேனாவிலிருந்து லில்லேஹாமருக்கு 54 கிலோமீட்டர், மலையைத் தாண்டி, முதுகில் குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள பையோடு. 1206இல் குழந்தை இளவரசன் ஹோகோனைத் தூக்கிக்கொண்டு மலை கடந்த வீரர்களின் நினைவாகத்தான் அந்தப் பை. 1932 முதல் நடக்கிறது. இங்கே எல்லோரும் ஏங்குவது ‘மெர்கெ’ என்ற அடையாளச் சின்னத்துக்கு. உங்கள் வயதுப் பிரிவில் முதல் ஐந்து பேரின் சராசரி நேரத்தை எடுத்து, அதோடு 25 சதவீதம் சேர்த்து, அதற்குள் வந்தால் சின்னம் உங்களுக்கு. இருபத்தைந்து வயதுக்காரரோடு ஒப்பிடாமல் உங்கள் வயதின் மிகச் சிறந்தவர்களோடு உங்களை அளக்கிறார்கள், அதே சமயம் அந்த அளவு ஒவ்வொரு வருடமும் அன்றைய பனிக்கும் காற்றுக்கும் ஏற்பத் தானாக மாறிக்கொள்கிறது. இவ்வளவு நியாயமான ஒரு அளவுகோலை வேறு எந்தப் பெரிய ஓட்டத்திலும் நான் பார்த்ததில்லை. வாசாலொப்பெட்டிலும் பதக்கம் உண்டு, ஆனால் அது ஒட்டுமொத்த வெற்றியாளரின் நேரத்தோடு 50 சதவீதம் என்ற கணக்கு, பெண்களுக்குப் பெண் வெற்றியாளரின் நேரம். வயதுக்கு அதில் இடமில்லை, அதனால் எழுபது வயதில் அதை வாங்குகிறவர் உண்மையிலேயே அசாத்தியமானவர்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடலாம். 1978இல் உருவான, பல நாட்டு நெடுந்தூர ஓட்டங்களை இணைக்கும் வேர்ல்ட்லொப்பெட் கூட்டமைப்பு ‘வேர்ல்ட்லொப்பெட் மாஸ்டர்’ என்று ஒரு பட்டம் தருகிறது. இதற்கும் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. பத்து வெவ்வேறு நாடுகளில் பத்து ஓட்டங்கள், அதில் ஒன்றாவது வேறு கண்டத்தில், அவ்வளவுதான். அதற்கென்று பாஸ்போர்ட் மாதிரி ஒரு கையேடு தந்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முத்திரை குத்துகிறார்கள். பயணம் பிடித்தவர்களுக்கு நல்ல இலக்கு. மாஸ்டர்ஸ் உலகக் கோப்பையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வானிலைதான் இந்த ஒப்பீட்டில் பலர் கணக்கில் எடுக்காத விஷயம், என்னைக் கேட்டால் இதை முதலில் வைத்தே யோசிக்க வேண்டும். நெடுந்தூர ஓட்டம் ஒரே ஒரு நாள். ஊரிலிருந்து ஊருக்குப் போகும் பாதை என்பதால் ஐம்பது, தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பனி இருந்தாக வேண்டும். வாசாலொப்பெட் 1932, 1934, 1990 ஆகிய வருடங்களில் நடக்கவில்லை. அமெரிக்க பிர்கெபெய்னர் 2017இல் ரத்தானது, 2024இல் செயற்கைப் பனியில் போட்ட 10 கிலோமீட்டர் சுற்றில் திரும்பத் திரும்ப ஓட வைத்துத்தான் நடத்த முடிந்தது. ஒரு வருடப் பயிற்சி அந்த ஒரு காலையை நம்பித்தான் இருக்கிறது. காய்ச்சல் வந்தால், வழியில் விழுந்து ஊன்றுகோல் உடைந்தால், கதை முடிந்தது. மாஸ்டர்ஸ் ஒரு மைதானத்தைச் சுற்றிப் போடும் தடங்களில் நடக்கிறது, பனி குறைந்தாலும் அந்தச் சில கிலோமீட்டருக்குச் சமாளிக்கலாம். முதல் பந்தயம் சொதப்பினால் இரண்டு நாள் கழித்து இன்னொன்று இருக்கிறது. சமீபத்தில் நடந்த இடங்களைப் பாருங்கள், 2022 கான்மோர், 2023 சீஃபெல்ட், 2024 வூகாட்டி, எல்லாமே பனிக்கும் தடத்துக்கும் பேர் போன இடங்கள்.

உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். ஐம்பதுக்கு மேல் முதலில் போவது வெடித்துக் கிளம்பும் வேகம், பிறகு ஒற்றைக் காலில் வழுக்கும்போது வேண்டிய சமநிலை. நீண்ட நேரம் ஒரே சீராக உழைக்கும் திறன்தான் கடைசிவரை நம்மோடு நிற்கிறது. அந்தக் கணக்கில் நெடுந்தூர ஓட்டம் வயதானவர்களுக்குச் சாதகம் என்று தோன்றும், ஓரளவுக்கு அது உண்மையும்கூட. ஆனால் மூன்று மணி நேரம் ஓடுவதும் ஒன்பது மணி நேரம் ஓடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதற்குத் தோளும் முதுகும் வயிறும் சேர்ந்து ஒத்துழைக்க வேண்டும், அதற்குப் பிறகு மீண்டு வர வாரக்கணக்கில் ஆகும். 1989 முதல் 1998 வரை வாசாலொப்பெட்டை முடித்த 52,755 பேரைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஒரு ஸ்வீடிஷ் ஆய்வில், அதிக முறை ஓடியவர்களிடமும் வேகமாக முடித்தவர்களிடமும் இதயத் துடிப்புக் கோளாறுகள் கூடுதலாக இருந்தன. அதே ஓட்டக்காரர்களைப் பற்றிய வேறொரு ஆய்வு, பொதுமக்களைவிட அவர்களிடம் இறப்பு குறைவு என்றும் காட்டியிருக்கிறது. அதனால் பயப்படத் தேவையில்லை, ஆனால் துடிப்பு தாறுமாறாக ஓடுவது போல் தெரிந்தால் அதைக் களைப்பு என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். பந்தயத்துக்கு முன் அல்ல, பயிற்சி தொடங்கும்போதே.

கிளாசிக்கா, ஸ்கேட்டிங்கா என்ற கேள்வியும் இதோடு ஒட்டியதுதான். ஸ்கேட்டிங்குக்கு வழுக்கும் மெழுகு மட்டும் போதும், தயாரிப்பு சுலபம், ஆனால் இடுப்பும் சமநிலையும் நன்றாக இருக்க வேண்டும். கிளாசிக் மூட்டுக்கு இதமானது, ஆனால் பூஜ்ய டிகிரிக்குப் பக்கத்தில் புதுப்பனி விழும் காலையில் பிடிமானத்துக்கான கிரிப் மெழுகு அமைவது அனுபவசாலிகளுக்கே பெரும்பாடு. இப்போது அடியில் பிடிமானத்துக்கு ரோமப் பட்டை ஒட்டிய ஸ்கீ வந்துவிட்டதால் அந்தத் தலைவலி பாதி குறைந்திருக்கிறது, நடுத்தர வேகக்காரர்களுக்கு அதையே சிபாரிசு செய்வேன். முன்னணி வீரர்கள் வாசாலொப்பெட்டில் கிரிப் மெழுகே இல்லாமல் முழுத் தூரத்தையும் டபுள் போலிங்கிலேயே, அதாவது இரு கையாலும் தள்ளியே முடிக்கிறார்கள். அதைப் பார்த்து நாமும் செய்யலாம் என்று இறங்கினால் பாதி வழியில் கை செத்துவிடும், ஏற்றத்தில் நிற்க வேண்டி வரும். வாரத்தில் பல நாள் அதற்கென்றே பயிற்சி எடுத்தவரைத் தவிர மற்றவர்கள் கிரிப்போடு போவதுதான் வேகம்.

பனியில் கூடுதலாக வழுக்க வைக்கும் விலையுயர்ந்த ஃப்ளோரின் மெழுகை சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2023–24 பருவத்திலிருந்து முழுமையாகத் தடை செய்துவிட்டதால், காசு கொட்டி மெழுகில் ஜெயிப்பது குறைந்திருக்கிறது. வயதுப் பிரிவுக்காரர்களுக்கு இது மிக நல்ல செய்தி.

சரி, மாஸ்டர்ஸில் குறையே இல்லையா? இருக்கிறது. எண்பதுக்கு மேற்பட்ட பிரிவுகளில், குறிப்பாகப் பெண்கள் பிரிவில், சில சமயம் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் இருப்பார்கள், முடித்தாலே பதக்கம். ஒரு வாரத்துக்கு மேல் தங்க வேண்டியிருப்பதால் செலவும் விடுமுறையும் அதிகம். ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓடுவது சிலருக்குச் சலிக்கும். வாசாலொப்பெட்டில் ஊர் ஊராகக் கடந்து, வழிநெடுகச் சூடாகத் தரும் புளூபெர்ரி சூப்பைக் குடித்துக்கொண்டு, இருட்டுகிற நேரத்தில் மோராவின் வளைவுக்குள் நுழையும்போது தொண்டை அடைக்குமே, அந்த உணர்வு மைதானத்துச் சுற்றில் வராது. அதை விரும்பிப் போகிறவரிடம் நான் ஒருநாளும் வாதம் செய்ய மாட்டேன்.

ஆக, புதிதாக வருகிறவர் என்னிடம் கேட்டால் இந்த வரிசையைத்தான் சொல்வேன். முதல் வருடம் எங்காடின் மாதிரி சுமார் நாற்பது கிலோமீட்டர் உள்ள ஓர் ஓட்டம், நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல், கூட்டத்தில் ஓடப் பழகுவதற்காக மட்டும். இரண்டாம் வருடம் மாஸ்டர்ஸ், மூன்று தனிநபர் பந்தயங்களுக்கும் பெயர் கொடுத்து, ரிலேவில் ஆள் குறைகிறதா என்று உங்கள் நாட்டுப் பொறுப்பாளரிடம் கேட்டு, அதிலும் நிற்க வேண்டும். மூன்றாவதாகப் பிர்கெபெய்னர், மெர்கெயைக் குறிவைத்து, பையை இலையுதிர் காலத்திலிருந்தே முதுகில் மாட்டிப் பழகி. வாசாலொப்பெட்டை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், தொகுதி ஒதுக்குவதற்கு அவர்கள் ஏற்கும் ஓட்டமொன்றில் நல்ல நேரம் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அந்த முதல் ஏற்றத்தில் நடுவிலாவது நிற்கும்படியாக.