டிப்ஸ்டிக்கா, சென்சாரா? ஆயில் அளவை யாரிடம் கேட்பது

992 தலைமுறை போர்ஷே 911-ல் டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவைப் பார்க்கும் கம்பி, கிடையாது. ஆயில் அளவைத் திரையில்தான் பார்க்க வேண்டும். அதுவும் இன்ஜின் சூடேறி, வண்டி சமதளத்தில் நின்றால்தான் சரியாகக் காட்டும். "ஒரு கம்பியை உருவிப் பார்க்கிற வேலைக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு.

அந்தக் கோபத்தில் பாதிதான் நியாயம். ஏர்கூல்டு (காற்றால் குளிரும் இன்ஜின்) காலத்து 911-ல் கம்பி இருந்தது. ஆனால் அதையும் இன்ஜின் நன்றாகச் சூடேறி ஐட்லிங்கில் ஓடும்போதுதான் உருவ வேண்டும். காரணம் ட்ரை சம்ப். ஆயில் தனி டேங்க்கில் இருக்கும். இன்ஜினை நிறுத்தினால் மெல்ல மெல்ல இன்ஜினுக்குள் இறங்கிவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் கம்பியின் நுனிகூட நனையாமல் போகலாம். பதறிப்போய் ஒரு லிட்டர் ஊற்றினால், வம்பை விலைக்கு வாங்கியதுதான்.

சூடும் சும்மா விடாது. ஆயில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 சதவீதம் விரியும். 20 டிகிரியில் 8 லிட்டர் இருந்தது, 100 டிகிரியில் ஏறக்குறைய 8.45 லிட்டர். பல கார்களின் கம்பியில் மினிமத்துக்கும் மேக்ஸிமத்துக்கும் நடுவே இருப்பதே ஒரு லிட்டர்தான். சென்சார் வெப்பத்தையும் சேர்த்து அளந்து கணக்கைத் திருத்திக்கொள்ளும். கம்பிக்கு அது தெரியாது.

சென்சாரில் இரண்டு ரகம். ஒன்று, ஆயிலில் மூழ்கியிருக்கும் சிறு ஹீட்டரைச் சூடாக்கி, அது எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது என்று பார்க்கும். ஆழமாக மூழ்கியிருந்தால் சீக்கிரம் ஆறும். இன்னொன்று, சம்ப்பின் (ஆயில் தேங்கும் தொட்டியின்) அடியிலிருந்து அல்ட்ராசோனிக் ஒலியை மேலே அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும். வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் இரண்டுமே குழம்பும். அதனால் வண்டி அமைதியாக ஓடும் நேரத்து அளவுகளைச் சராசரி எடுத்துத்தான் காட்டுவார்கள். ட்ராக்கில் ஆயில் பிரஷர் விழுந்தால் எச்சரிப்பது இந்த சென்சார் அல்ல, பிரஷர் சென்சார்.

கம்பி ஜெயிக்கும் இடம் வேறு. துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, நுனியில் நிற்கும் சொட்டை விரலில் தேய்த்தால் பெட்ரோல் வாடை தெரியும். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருந்தால் பால் கலந்த காபி நிறம் தெரியும். இந்த சென்சார்களுக்குத் தெரிந்தது உயரமும் வெப்பமும் மட்டும். பெட்ரோல் கலந்து மட்டம் ஏறினாலும், மேக்ஸிமத்தைத் தாண்டாதவரை "அளவு சரி" என்று கூசாமல் காட்டும்.

தினமும் பார்க்க எனக்கு சென்சார் போதும். ஆயில் மாற்றும் அன்று மட்டும் அதை நம்பமாட்டேன்: வடிந்த பழைய ஆயிலையும் அளந்து, மேனுவலில் உள்ளதைவிட அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கிய பிறகுதான் திரையைப் பார்த்து மிச்சத்தை ஊற்றுவேன்.