ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவிலுள்ள இடைவெளி யார் கணக்கில்? மூன்று நாடுகள், மூன்று வழிகள்

2024 ஆகஸ்ட் 26, திங்கட்கிழமை இரவு பத்து மணி இருக்கும். லீட்ஸிலிருந்து வந்த ரயில் லண்டன் கிங்ஸ் கிராஸில் நின்று, எல்லாரும் இறங்கிப் போயாகிவிட்டது. சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் மட்டும் உள்ளேயே காத்திருந்தார். பதிவு செய்த ரயிலைத் தவறவிட்டு அடுத்ததில் வந்திருந்தார். அதில் அவரை ஏற்றிவிட்டவர்கள் ரயில் ஊழியர்கள்தான். ஆனால் இறங்கும் இடத்தில் ரேம்ப் பலகையோடு யாரும் வரவில்லை. கால் மணி நேரம் பார்த்தார். அப்புறம் நாற்காலியை விட்டு ரயிலின் தரையில் இறங்கி உட்கார்ந்து, தவழ்ந்தே நடைமேடைக்கு வந்தார். அவர் டேனி கிரே-தாம்சன். பாராலிம்பிக்கில் 11 தங்கம் வென்றவர், 2010 முதல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை உறுப்பினர். இரண்டு நாளில் தொடங்கவிருந்த பாரிஸ் பாராலிம்பிக்குக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ரயில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. சட்டம் போடும் சபையில் இருப்பவருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களுக்கு என்ன என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சக்கர நாற்காலியோடு நாடாளுமன்றத்துக்குள் போன இரண்டு பெண்கள் இதே ரயில் பிரச்சினையைக் கையில் எடுத்திருக்கிறார்கள்: எய்கோ கிமுரா, டாமி டக்வொர்த். நினைத்த நேரத்தில், யாரையும் எதிர்பார்க்காமல் ரயிலேற வேண்டும் என்பதுதான் மூவரின் கோரிக்கையும். நாடுகள் பிடித்த வழிதான் வேறு வேறு. பிரிட்டன் ஆளை நம்பியது. ஜப்பான் விதியில் ஓர் எண்ணை எழுதியது. அமெரிக்கா நிலையங்களுக்குப் பணம் ஒதுக்கியது.

பிரிட்டனில் 'பாசஞ்சர் அசிஸ்ட்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. எங்கே ஏறுவோம், எங்கே இறங்குவோம் என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தால் இரண்டு இடத்திலும் ஆள் வந்து பலகை போடுவார். ஒரு காலத்தில் முதல் நாளே சொல்லவேண்டியிருந்தது. 2022 ஏப்ரல் முதல் இரண்டு மணி நேரம் முன்னால் சொன்னால் போதும். படிக்கும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடைமுறையில் இதில் எத்தனை முடிச்சுகள் என்று பாருங்கள். ஏற்றிவிட்டவர் அடுத்த நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். அங்கே போனை எடுக்க ஆள் வேண்டும். எடுத்தவர் சரியான பெட்டியைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரயில் தாமதமானால், ஷிஃப்ட் முடிந்து கிளம்புகிறவர் அடுத்து வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எங்கே ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் பயணி வாசலிலேயே மாட்டிக்கொள்கிறார்.

சட்டமே இல்லாத நாடும் அல்ல அது. மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1995-இலேயே வந்தது. ரயில் பெட்டிகள் எல்லாம் 2020 ஜனவரி 1-க்குள் தரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று கெடுவும் இருந்தது. அந்தத் தரம் கதவின் அகலம், கழிப்பறை, கைப்பிடியின் நிறம், அறிவிப்பு ஒலி என்று பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்துக்கொண்டது. பெட்டிக்கும் நடைமேடைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு படியைப் பலகையிடம் விட்டுவிட்டது. நடைமேடை தண்டவாளத்திலிருந்து 915 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பெரும்பாலான ரயில்களின் தரை அதைவிட உயரம். பழைய நடைமேடைகள் பலவற்றில் அந்த 915-உம் கிடையாது.

ஜப்பானுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க நிறைய இருக்கிறது. 2019 ஜூலையில் நடந்த மேலவைத் தேர்தலில் ரெய்வா ஷின்செங்குமி என்ற புதிய கட்சி இரண்டு இடம் பிடித்தது. இரண்டிலும் கடுமையான உடல் குறைபாடு உள்ளவர்களையே உட்கார வைத்தது. ஒருவர் ஏ.எல்.எஸ். நோயால் உடல் முழுக்க அசைவிழந்த யாசுஹிகோ ஃபுனாகோ. இன்னொருவர் எய்கோ கிமுரா. கைக்குழந்தையாக இருந்தபோது நேர்ந்த விபத்தால் உடலின் பெரும்பகுதி செயலிழந்தவர், சாய்ந்து உட்காரும் பெரிய சக்கர நாற்காலியில் வாழ்பவர். அவர்கள் வருவதற்குள் அவையில் இருக்கைகளைப் பெயர்த்தெடுத்து இடம் செய்தார்கள், மின் இணைப்புக் கொடுத்தார்கள், உதவியாளரும் உள்ளே வரலாம் என்றார்கள். நாடாளுமன்றம் தன் கட்டடத்தை மாற்றிக்கொண்ட பிறகு ரயிலை மட்டும் மாற்ற முடியாது என்று சொல்வது கஷ்டம்தானே.

கிமுரா போக்குவரத்துக் குழுவில் ஷின்கான்சென் என்ற அதிவேக புல்லட் ரயிலின் விஷயத்தை எழுப்பினார். டோக்கியோ–ஒசாகா வழியில் ஓடும் ரயிலுக்கு 16 பெட்டி, 1,300-க்கும் மேல் இருக்கை. அதில் சக்கர நாற்காலிக்கு இடம் இரண்டு. அவருடையது போன்ற பெரிய நாற்காலி அதிலும் சரியாக அடங்காது. 2020 ஜூலையில் ஓடத் தொடங்கிய புது என்700எஸ் ரயிலிலும் முதலில் இரண்டே இடம்தான். 2021 ஏப்ரல் முதல் அதன் 11-ஆம் பெட்டியில் ஆறு இடம் கொண்ட ரயில்கள் வரத் தொடங்கின. அதே ஆண்டு ஜூலையில் இது விதியாகவே ஆனது: 1,000 இருக்கைக்கு மேல் உள்ள புதிய ஷின்கான்சென் ரயிலில் குறைந்தது ஆறு, 500 முதல் 1,000 வரை நான்கு, அதற்கும் கீழே மூன்று.

இதைத் தனி ஒருவரின் சாதனை என்று எழுதினால் தப்பு. மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல ஆண்டுகள் போராடியிருந்தன, டோக்கியோ பாராலிம்பிக் வரப்போகிறது என்ற நெருக்கடி இருந்தது, அப்போதைய போக்குவரத்து அமைச்சர் காசுயோஷி அகாபாவும் காது கொடுத்தார். ஆனாலும் ஓர் எண் விதிக்குள் போய் உட்கார்ந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. எண்ணை யாரும் எண்ணிப் பார்க்கலாம். ஆறு இடம் இருந்தால் சக்கர நாற்காலியில் வரும் மூன்று நண்பர்கள் ஒரே ரயிலில் பேசிக்கொண்டே போகலாம். இரண்டு இடம் இருந்த காலத்தில் மூன்றாவது ஆள் அடுத்த ரயிலுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

பணத்துக்கும் ஜப்பான் ஒரு வழி கண்டுபிடித்தது. 2023 மார்ச் முதல் டோக்கியோ போன்ற பெருநகர வழித்தடங்களில் ஒவ்வொரு டிக்கெட்டோடும் 10 யென் வரை கூடுதலாக வாங்குகிறார்கள். அது லிஃப்ட்டுக்கும் நடைமேடைக் கதவுகளுக்கும் போகிறது. தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுபோகிறவரும் முட்டி வலிக்கிற தாத்தாவும் அதே லிஃப்ட்டில்தான் ஏறப்போகிறார்கள் என்பதால் எனக்கு இது நியாயமாகவே படுகிறது. குறை இல்லாமல் இல்லை. நாட்டின் நிலையங்களில் கிட்டத்தட்ட பாதியில் ஊழியரே கிடையாது. பல சாதாரண ரயில்களில் ஏற இன்னும் பலகைதான் வேண்டும்.

அமெரிக்கக் கதை கொஞ்சம் வேறு. 1990 மார்ச்சில் மாற்றுத்திறனாளிகள் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்தே ஏறினார்கள், ஜூலையில் ஏ.டி.ஏ. எனப்படும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. உரிமை என்ற அளவில் மூன்று நாடுகளிலும் வலுவானது இதுதான், நேரே வழக்குப் போடலாம். ஆனால் பழைய சுரங்க ரயில் நிலையங்களில் 'முக்கிய நிலையங்கள்' என்று பட்டியலிட்டவற்றை மட்டும் சரிசெய்தால் போதும் என்று ஒரு சந்து விட்டுவைத்தது. நெடுந்தூரப் பயணி ரயில்களை ஓட்டும் ஆம்ட்ராக் நிறுவனம் தன் நிலையங்களை 2010-க்குள் சரிசெய்ய வேண்டியிருந்தும் செய்யவில்லை. நியூயார்க்கில் 472 சுரங்க ரயில் நிலையங்கள். வழக்குப் போட்டு, 2022-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவற்றில் 95 சதவீதம் 2055-க்குள் தயாராகும். சட்டம் வந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது 65 வயது.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் டக்வொர்த் வந்தார். இராக்கில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். 2004-இல் நடந்த தாக்குதலில் இரண்டு கால்களையும் இழந்தவர். இப்போது இல்லினாய் செனட்டர். அவர் முன்வைத்த திட்டம் 2021 உள்கட்டமைப்புச் சட்டத்துக்குள் போனது: பழைய நிலையங்களுக்காகவே ஐந்து ஆண்டுகளுக்கு 175 கோடி டாலர். கெடு மட்டும் வைத்துப் பணம் தராத 1990 சட்டத்தின் ஓட்டையை அவர் சரியாகப் பிடித்தார் என்பேன். ஆனால் பணம் தீர்ந்தால் வேலை நின்றுவிடும். அடுத்த ஒதுக்கீட்டுக்கு மறுபடி சபையில் கை தூக்கவைக்க வேண்டும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? எனக்கு முதலில் ஜப்பானின் எண், அதோடு சேர்த்து 10 யென் போல நிலையாக வரும் காசு. டக்வொர்த் வழி இரண்டாவது. ஆளை மட்டும் நம்பும் வழி கடைசி. ஆனால் ஆளே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023-இல் இங்கிலாந்தில் டிக்கெட் கவுன்டர்களைப் பெருமளவில் மூடப்போவதாக அறிவித்தபோது பார்வையற்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தொடுதிரை இயந்திரத்தில் அவர்கள் எதைத் தொடுவார்கள்? அக்டோபர் கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நடைமேடையும் ரயிலும் சமமாக இருந்தால் பலகை தூக்கும் வேலை மிச்சமாகி, அந்த ஊழியர் பார்வையற்றவரின் கையைப் பிடித்து வழிகாட்ட முடியும்.

பிரிட்டன் இப்போது ரயிலை அரசு கைக்குக் கொண்டுவருகிறது. 'கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ்' அமைப்பதற்கான மசோதா 2025 நவம்பரில் தாக்கலானது. இதுவரை நடைமேடை ஒருவருக்கு, ரயில் பெட்டி இன்னொருவருக்கு, ஓட்டுவது மூன்றாமவர் என்று இருந்ததால் நடுவிலிருந்த இடைவெளி யார் கணக்கிலும் வரவில்லை. அது மாறுவது நல்லதே. ஆனால் கிங்ஸ் கிராஸில் அன்றிரவு நின்ற ரயிலை ஓட்டிய எல்.என்.இ.ஆர். 2018-லிருந்தே அரசுடையது. நிலையத்தை நடத்தும் நெட்வொர்க் ரயிலும் அரசுடையது. இரண்டும் அரசுடையவை, நடுவில் தவழ்ந்தவர் நாடாளுமன்ற உறுப்பினர்.

அதே நாட்டில் லிவர்பூலுக்குப் போய்ப் பாருங்கள். மெர்சிரயில் 2023-இல் ஓட்டத் தொடங்கிய புது ரயில்களில் தரையும் நடைமேடையும் ஒரே மட்டம். கதவடியிலிருந்து ஒரு தட்டு தானாக நீண்டு வந்து இடைவெளியை மூடுகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் உருட்டிக்கொண்டே உள்ளே போகிறார். அந்த 53 ரயில்களையும் அந்த வட்டாரத்தின் பொது நிர்வாகமே வாங்கி, அவற்றுக்கு ஏற்றபடி நடைமேடைகளையும் திருத்தியது. இதை நாடு முழுக்கச் செய்ய எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு எத்தனை நடைமேடை என்று அந்த மசோதாவில் இரண்டே இரண்டு எண்களை எழுதச் சொல்லி வாங்க முடிந்தால், கிரே-தாம்சனும் அவருடைய சகாக்களும் கேட்க வேண்டியது அதைத்தான்.