மாசக் கடைசி டெஸ்பாட்ச்: ஆலோசகர், மென்பொருள், ஒப்பந்த லாஜிஸ்டிக்ஸ், குரு – யாரிடம் போவது?

மாதத்தின் முதல் இருபது நாள் டெஸ்பாட்ச், அதாவது சரக்கு அனுப்பும் வேலை, மந்தமாகக் கிடக்கும். 25-ஆம் தேதி தாண்டியதும் ஓவர்டைம், லாரிக்கு அலைச்சல், கூடுதல் வாடகை. நம்மூர் நடுத்தரத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. காரணம் பெரும்பாலும் இயந்திரத்தில் இல்லை. விற்பனைப் பிரிவின் டார்கெட் மாதக் கணக்கில் ஓடுகிறது. கடைசி வாரம் தள்ளுபடி கிடைக்கும் என்று தெரிந்த டீலர் அதுவரை ஆர்டர் போடாமல் இருக்கிறார். இந்த ஒரு சிக்கலை வைத்துக்கொண்டே, முதலாளி முன் வந்து நிற்கும் நான்கு வழிகளையும் பார்க்கலாம்.

முதலில் வருவது எப்போதும் மென்பொருள் விற்பவர்தான். சரக்கு எங்கே எவ்வளவு இருக்கிறது என்று திரையில் தெரிவது பெரிய வசதி, மறுக்க முடியாது. ஆனால் மென்பொருள் ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தை வேகப்படுத்தும், மாற்றாது. ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 11 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 1999 ஜூலையில், ஹாலோவீன் பண்டிகை ஆர்டர்கள் குவியும் நேரத்தில் புதிய மென்பொருள் அமைப்புகளை ஒரே மூச்சில் தொடங்கியது. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் இன்னொரு விதம். சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது அவர்கள் வழக்கம், எஸ்.ஏ.பி. மென்பொருளின் வழக்கமான அமைப்போ சில்லறை விலையில் மதிப்பிடுவது. பழக்கத்தை விடாமல் மென்பொருளை வளைக்கப் பார்த்தார்கள். சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு, 2018-இல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

ஒப்பந்த லாஜிஸ்டிக்ஸ், அதாவது கிடங்கையும் வண்டியையும் வெளியாளிடம் விட்டுவிடுவது, சீக்கிரம் பேசி முடிக்கக்கூடியது. சொந்தக் கிடங்கும் ஆட்களும் சுமையாகிவிட்ட நிறுவனத்துக்குச் சரிதான். மாசக் கடைசி நெரிசலுக்கு இதில் மருந்து இல்லை. அந்த நெரிசலுக்கும் சேர்த்து ரேட் போடுவார்கள், அவ்வளவுதான். கைமாறும் நாளும் ஆபத்தானது. 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கே.எஃப்.சி. தன் விநியோகத்தை டி.எச்.எல். என்ற லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்தின் கையில் ஒப்படைத்ததும் கோழி வந்து சேரவில்லை. சுமார் 900 கடைகளில் பாதிக்கும் மேல் மூடிக் கிடந்தன. அடுத்த மாதமே ஒரு பகுதி வேலையைப் பழைய ஒப்பந்தக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இனி ஆலோசனை நிறுவனங்கள். ‘ஸ்டோர்ஸ்காரர் பத்து வருஷமாகச் சொன்னதைப் பவர்பாயிண்டில் போட்டுக் கொடுத்துக் காசு வாங்குகிறார்கள்’ என்று கேலி பேசுவார்கள். கேலியில் உண்மை உண்டு. ஆனால் ஸ்டோர்ஸ்காரர் சொன்னது ஏன் எடுபடவில்லை? பர்ச்சேஸ் ஆளை அளப்பது பீஸ் விலையை வைத்து. அவர் மொத்தமாக வாங்கிக் குவிக்கிறார். உற்பத்தி மேலாளரை அளப்பது இயந்திரம் ஓடிய நேரத்தை வைத்து; அவர் ஒரே அயிட்டத்தை நாள்கணக்கில் ஓட்டுகிறார். விற்பனைக்காரருக்கு மாத டார்கெட். அவரவர் கணக்கில் எல்லோரும் நியாயமானவர்களே, கிடங்கு மட்டும் நிரம்புகிறது. இந்த அளவுகோல்களை மாற்று என்று உள்ளிருந்து ஒருவர் சொன்னால், நாளைக்கு அதே மூன்று பேர் முகத்தில்தான் அவர் விழிக்க வேண்டும். எம்.டி.யின் ஆதரவோடு வந்த வெளியாள் சொல்லிவிடலாம். நான் காசு கொடுப்பதென்றால் இதற்காக மட்டுமே கொடுப்பேன்.

டயப்பர் தயாரிக்கும் பி அண்ட் ஜி (ப்ராக்டர் அண்ட் கேம்பிள்) இதற்கு நல்ல உதாரணம். குழந்தைகள் டயப்பர் நனைப்பது மாதம் முழுக்க ஒரே சீராகத்தான். ஆனால் கடையிலிருந்து மேலே போகப் போக ஆர்டர் தாறுமாறாக ஏறி இறங்கியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாவ் லீயும் கூட்டாளிகளும் 1997-இல் இதை அலசியபோது, அடிக்கடி தரும் தள்ளுபடியையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அதற்கு முன்பே, 1990களின் தொடக்கத்தில், பி அண்ட் ஜி தள்ளுபடிகளைக் குறைத்து நிலையான விலைக்கு நகரத் தொடங்கியிருந்தது. விலைக் கொள்கையைத் தொடும் இப்படியொரு முடிவை எந்த மென்பொருளும் எடுத்துத் தராது.

ஆலோசகர்களிடம் குறை, அவர்கள் போன பிறகுதான் தெரியும். மாதாந்திரத் திட்டக் கூட்டத்தை அவர்களே நடத்தியிருப்பார்கள்; ஆறு மாதத்தில் அந்தக் கூட்டம் ஒப்புக்கு நடக்கும், அப்புறம் நடக்காது.

நான்காவது வழியில் அறிக்கை கிடையாது. அவ்வப்போது வந்து பட்டறைத் தளத்திலேயே நின்று கேள்வி கேட்டு, வேலையை நம் ஆட்களையே செய்யவிடும் குரு. சென்னையின் சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு 1998-இலும், டிவிஎஸ் மோட்டார் 2002-இலும் தர மேலாண்மைக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசு பெற்றது ஜப்பானியப் பேராசிரியர்களின் இந்த மாதிரி வழிகாட்டுதலில்தான். டொயோட்டாவும் 1992 முதல் அமெரிக்காவில் ஒரு மையம் வைத்து மற்ற நிறுவனங்களுக்குத் தன் முறையைக் கற்றுத் தருகிறது. கற்றது வீட்டோடு தங்கும். ஆனால் வருஷக்கணக்கில் ஆகும்; வங்கிக் கடன் கழுத்தைப் பிடிக்கும்போது இதற்குப் பொறுமை இருக்காது. இயக்குநர்களுக்குள் சண்டை என்றால் குருவாலும் ஒன்றும் ஆகாது, அவர் தளத்தில் நிற்பவர்.

என் தேர்வு இப்படி. மாசக் கடைசி நெரிசல் போல, துறைக்கும் துறைக்கும் இடையில் முட்டினால் ஆலோசகர், அதுவும் குறுகிய காலத்துக்கு. தளத்திலேயே தாமதம், பழுது, மறுவேலை என்றால் குரு. இரண்டில் ஒன்று ஓரளவு முடிந்த பிறகே மென்பொருள்.

ஆலோசகரோடு கையெழுத்துப் போடும்போது ஒரு ஷரத்தை உற்றுப் பாருங்கள். கட்டணத்தைச் சரக்கிருப்புக் குறைப்போடு மட்டும் கட்டினால், இருப்பு நிச்சயம் குறையும். கூடவே வேகமாகப் போகும் அயிட்டமும் தீர்ந்து டீலர் திட்டுவார். கேட்ட தேதியில், கேட்ட அளவு முழுசாகப் போன ஆர்டர் எத்தனை சதவீதம் என்பதையும் அதே ஷரத்தில் சேருங்கள். கடைசித் தவணையை, அவர்கள் கிளம்பி ஆறு மாதம் கழித்து அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.