போலீஸ் ரெக்கார்டை அழித்துத் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

கஞ்சா வழக்கில் பிள்ளையோ தம்பியோ சிக்கிக்கொண்ட வீட்டார் இதைப் படிக்க வேண்டும். ஒரே ஆளிடம் நாங்கள் இரண்டு முறை ஏமாந்தோம்.

2018-இல் என் தம்பி 40 கிராம் கஞ்சாவோடு பிடிபட்டான். அப்போது அவனுக்கு வயது 21. ஒரு கிலோ வரை சட்டத்தில் ‘சிறிய அளவு’தான், ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வக்கீல் அலுவலகக் குமாஸ்தா ஒருவர் அம்மாவைத் தனியே அழைத்து, “ஒப்புக்கொண்டு அபராதம் கட்டச் சொல்லுங்கம்மா, ஐந்து வருடத்தில் பெயர் தானாக நீங்கிவிடும்” என்றார். தம்பி கூண்டில் ஏறித் தலையாட்டினான். பத்து நிமிடத்தில் முடிந்தது.

2024-இல் துபாய் வேலைக்காகப் போலீஸ் கிளியரன்ஸ் கேட்டபோது அந்த வழக்கு எண் அப்படியே வந்து நின்றது. மறுபடி அதே குமாஸ்தாவிடம் போனோம். 35,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஊதா முத்திரை குத்திய ‘பெயர் நீக்கச் சான்று’ ஒன்றைக் கொடுத்தார். அம்மா வளையலை அடகு வைத்த பணம் அது. காவல் நிலைய ரைட்டர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அம்மா, இப்படி ஒரு சான்றே கிடையாது” என்றார்.

உண்மை இதுதான். வயது வந்தவரின் தண்டனையை இத்தனை ஆண்டு கழித்து அழித்துவிட வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. ஐந்து ஆண்டு என்ற பேச்சு பாஸ்போர்ட் சட்டத்திலிருந்து வந்திருக்கலாம்: ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்கு, அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்குப் பாஸ்போர்ட் மறுக்கலாம். பதிவு அழிவதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

என் மனம் ஆறாதது வேறொன்றில். தம்பி அந்தப் பழக்கத்துக்கு அடிமையாகியிருந்தான். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, சிறிய அளவு வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்கு நடத்த முடியாது. குற்றம் உறுதியானாலும், சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு விடுவிக்க 39-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒருவரும் எங்களிடம் இதைச் சொல்லவில்லை. ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீட்டில் தண்டனையின் அளவையும் அதன் சட்டப்பூர்வத்தையும் பற்றி மட்டுமே பேச முடியும். அதனால் கூண்டில் ஏறுவதற்கு முன்பே வக்கீலிடம் நேராக, குமாஸ்தாவிடம் அல்ல, இந்த இரண்டு பிரிவுகளைப் பற்றிக் கேளுங்கள். பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது.

வேலை விண்ணப்பத்தில் ‘வழக்கு இல்லை’ என்று எழுதச் சொல்லியும் அந்தக் குமாஸ்தா யோசனை கொடுத்தார். எழுதாதீர்கள். விண்ணப்பதாரர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், எதையும் மறைக்கக் கூடாது என்று 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

போலிச் சான்றையும் பணம் அனுப்பிய ரசீதையும் இணைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். தம்பி இப்போது உள்ளூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். சேரும்போதே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.