2016 பிரைமரி: க்ரூஸ், ரூபியோ, கேசிக், டிரம்ப் – பழமைவாத வாக்காளர் யாரைத் தேர்ந்திருக்க வேண்டும்?

கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே மாநிலம் மாநிலமாக முடிவு செய்யும் முதற்கட்டத் தேர்தல்தான் பிரைமரி. அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக 2016 தேர்தலுக்கு 17 பேர் களம் இறங்கினார்கள். மார்ச் முதல் வாரம் கழிந்தபோது மிஞ்சியவர்கள் நால்வர்: டெக்சாஸ் செனட்டர் டெட் க்ரூஸ், ஃபுளோரிடா செனட்டர் மார்கோ ரூபியோ, ஒஹாயோ ஆளுநர் ஜான் கேசிக், தொழிலதிபர் டொனால்ட் டிரம்ப். சிறிய அரசாங்கம், கட்டுக்குள் நிற்கும் செலவு, கருவில் இருக்கும் உயிருக்குப் பாதுகாப்பு, துப்பாக்கி உரிமை, அரசியல் சாசனத்தை அது எழுதப்பட்ட காலத்துப் பொருளிலேயே படிக்கும் நீதிபதிகள் என்று எதிர்பார்க்கும் வாக்காளருக்கு மேடைப் பேச்சு எந்த வழியும் காட்டவில்லை. நால்வரின் பேச்சும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மதிப்பெண் பட்டியல்களும் பெரிதாக உதவவில்லை. அவையில் போட்ட வாக்குகளை வைத்து அமெரிக்கன் கன்சர்வேட்டிவ் யூனியன் என்ற பழமைவாத அமைப்பு கொடுத்த வாழ்நாள் மதிப்பெண்ணில் க்ரூஸுக்கு 100, ரூபியோவுக்கு 98. அந்த இரண்டு புள்ளி வித்தியாசத்துக்குள் குடியேற்றச் சட்டம் என்ற மலையே மறைந்து கிடந்தது. பயன் தரும் கேள்வி வேறு: தன் கொள்கையால் தனக்கே நட்டம் வரும் என்று தெரிந்த நாளில் இவர் என்ன செய்தார்?

இந்தக் கேள்வியை க்ரூஸிடம் வைத்தால் முதலில் வரும் பதில் அயோவா. பெட்ரோலில் எத்தனால் கலக்க வேண்டும் என்ற கூட்டரசுக் கட்டாயம் அயோவாவின் சோள விவசாயிகளுக்கு உயிர்நாடி. அதைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவர் அங்கே வாக்குக் கேட்டார். மாநில ஆளுநர் டெரி பிரான்ஸ்டாட், சொந்தக் கட்சிக்காரரான க்ரூஸ் தோற்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். பிப்ரவரி 1 அன்று க்ரூஸ் 27.6 சதவீதம் பெற்று ஜெயித்தார். மானிய எதிர்ப்பைப் பேசுவோர் பலர். மானியம் வாங்குவோர் முன்னால் நின்று பேசியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

குறைகளும் உண்டு. அதிபர் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேருக்கு நிதியை நிறுத்தச் சொல்லி 2013இல் அவர் முன்னின்று நடத்திய போராட்டத்தில் அரசாங்கம் 16 நாள் முடங்கியது. சட்டம் அப்படியே நின்றது. செனட்டில் போதிய வாக்கும் இல்லை, அதிபரின் கையெழுத்தும் வராது என்று தெரிந்தே இறங்கிய ஆட்டம் அது. வணிக ஒப்பந்தங்களை நாடாளுமன்றம் திருத்தாமல் ஏற்கவோ மறுக்கவோ மட்டும் செய்யும் விரைவு அதிகாரத்தை 2015 ஏப்ரலில் கீழவை உறுப்பினர் பால் ரயனுடன் சேர்ந்து ஆதரித்து எழுதினார், ஜூனில் எதிர்த்து வாக்களித்தார். திறன்மிகு பணியாளர் விசாவான எச்-1பி விஷயத்திலும் (நம் ஐ.டி. குடும்பங்கள் கவனித்த விஷயம் இது) 2013இல் ஆண்டு வரம்பை 65,000இலிருந்து 3,25,000 ஆக்கக் கோரியவர், பிரசாரத்தில் 180 நாள் நிறுத்திவைப்பு என்றார். அவருடைய வரித் திட்டமும் கூர்ந்து படிக்க வேண்டியது. தனிநபருக்கு 10 சதவீதம், தொழில்களுக்கு 16 சதவீதம். அந்த 16 சதவீதத்தில் ஊழியர் சம்பளத்தைச் செலவாகக் கழிக்க முடியாது. அப்படியானால் அது நடைமுறையில் மதிப்புக் கூட்டு வரிதான். விலைக்குள் ஒளிந்துகொள்ளும் வரியைப் பின்னால் வரும் அரசுகள் சத்தமில்லாமல் ஏற்றிவிடலாம் என்பதே பழமைவாதிகளின் பழைய அச்சம். ஜனவரி விவாத மேடையில் ரூபியோ இந்தக் குறையைச் சரியாகவே பிடித்தார்.

ரூபியோவின் பேச்சுத்திறனும் வெளியுறவு அறிவும் நால்வரில் மேலானவை. கருக்கலைப்பு எதிர்ப்பிலும் அவர் உறுதியாக இருந்தார். ஆனால் இரு கட்சிகளையும் சேர்ந்த எட்டு செனட்டர்களில் ஒருவராக அவர் உருவாக்கிய குடியேற்ற மசோதா, 2013 ஜூன் 27 அன்று செனட்டில் 68-32 என்று நிறைவேறியது. அனுமதியின்றித் தங்கியிருப்போர் குடியுரிமை வரை செல்ல வழி திறந்த மசோதா அது. கீழவை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. எதிர்ப்பு வலுத்ததும் ‘முதலில் எல்லை’ என்று அவர் நிலை மாற்றினார். மசோதா நல்லது என்று நம்பியிருந்தால் அதற்காக நின்றிருக்கலாம். தவறு என்று உணர்ந்திருந்தால் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் நின்றதே அவருடைய உண்மையான பலவீனம். சர்க்கரை ஆலைகளுக்கான பாதுகாப்பை அவர் ஆதரித்ததையும் க்ரூஸின் எத்தனால் நிலைப்பாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

செலவுக் கட்டுப்பாட்டில் சாதித்துக் காட்டியவர் கேசிக் மட்டுமே. கீழவையின் பட்ஜெட் குழுத் தலைவராக 1997இன் சமநிலை பட்ஜெட் உடன்பாட்டில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1998இல் வந்த உபரி 1969க்குப் பிறகு முதல் உபரி. இருந்தும் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை ஒஹாயோவில் அவர் விரிவாக்கிய விதத்தை மன்னிக்க முடியவில்லை. விரிவாக்கத்தைத் தடுக்கும் வாசகத்தை மாநிலச் சட்டமன்றம் பட்ஜெட்டில் சேர்த்தது. அதை அவர் வீட்டோ செய்து, ‘கன்ட்ரோலிங் போர்டு’ என்ற ஏழு பேர் குழுவின் வழியாக 2013 அக்டோபரில் விரிவாக்கத்தை நிறைவேற்றிக்கொண்டார். அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பது இரண்டாம் கேள்வி. மக்கள் தேர்ந்த அவையைச் சுற்றிக்கொண்டு போனதுதான் முதல் குற்றம். 1994இன் தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடைக்கு ஆதரவாக அவர் வாக்களித்ததும் சேர்ந்துகொள்கிறது.

டிரம்ப்பை எடை போட, அவையில் அவர் வாக்களித்த பதிவு ஏதும் இல்லை, பேட்டிகள்தான். கருக்கலைப்பு உரிமையை வலுவாக ஆதரிப்பதாக 1999இல் தொலைக்காட்சியில் சொன்னவர். தனியார் திட்டத்துக்காக அரசு வீட்டைக் கையகப்படுத்தலாம் என்ற 2005இன் கீலோ தீர்ப்பை ஆதரித்தவர். அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இரண்டிலும் கை வைக்க மாட்டேன் என்றவர். கூட்டரசுச் செலவில் மிகப் பெரிய பங்கு ஒன்று அங்கேதான் இருக்கிறது. பழைய பதிவை மட்டும் வைத்து எடை போட்டால் நால்வரில் கடைசி இடம் அவருக்கு.

பின்னால் நடந்தது இந்த அளவுகோலின் எல்லையைக் காட்டுகிறது. பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன்டனின் ஸ்கலியா இறந்தார். அன்றிரவு விவாதத்தில் டயான் சைக்ஸ், பில் பிரையர் என்று இரண்டு நீதிபதிகளின் பெயரை டிரம்ப் சொன்னார். மே 18 அன்று 11 பேர் கொண்ட பட்டியலையே வெளியிட்டார். பின்னாளில் அவர் நியமித்த மூன்று நீதிபதிகளும், கருக்கலைப்பு உரிமையை நீக்கிய 2022 ஜூன் 24 தீர்ப்பின் பெரும்பான்மையில் இருந்தார்கள். செலவில் பழைய பதிவு சொன்னதே நடந்தது: நாட்டின் கடன் 2017 ஜனவரியில் ஏறத்தாழ 20 லட்சம் கோடி டாலர், நான்கு ஆண்டில் 27 லட்சம் கோடியைத் தாண்டியது. வேட்பாளரிடம் பெயர்ப் பட்டியலாக எழுதி வாங்கிய வாக்குறுதிக்கும் மேடையில் பொதுவாகச் சொன்னதற்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது.

என் தராசில் வரிசை க்ரூஸ், ரூபியோ, கேசிக், டிரம்ப். ஆனால் வரிசை தெரிந்தவுடன் வாக்கைப் போட்டுவிட முடியாது. வேட்பாளரை இறுதியாகத் தேர்வது கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள்; அன்று மொத்தம் 2,472 பேர். வேட்பாளராக 1,237 பேர் வேண்டியிருந்தது. அவர்களைப் பிரிக்கும் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

மார்ச் 15 என்ற ஒரே நாளைப் பாருங்கள். வட கரோலினாவில் விகிதாசார முறை: டிரம்ப் க்ரூஸைவிட மூன்று சதவீதத்துக்கு மேல் முன்னிலை, பிரதிநிதிகளோ 29-க்கு 27. மிசூரியில் மாநில அளவில் முதலிடம் பிடித்தவருக்கு 12 பேர், எட்டு மாவட்டங்களில் (கீழவைத் தொகுதிகளில்) ஒவ்வொன்றிலும் முதலிடத்துக்கு 5 பேர். அங்கே 2,000 வாக்குக்கும் குறைவான வித்தியாசம், பிரதிநிதிகள் 37-க்கு 15. மிசூரியில் கேசிக்குக்கும் ரூபியோவுக்கும் விழுந்த வாக்குகள் அந்த வித்தியாசத்தைப் போல் பல மடங்கு. ஒரு பிரதிநிதிகூடக் கிடைக்கவில்லை. ஃபுளோரிடாவின் 99, ஒஹாயோவின் 66 இரண்டும் முதலிடம் பிடித்தவருக்கே முழுதாக. அதனால்தான் ரூபியோவின் பிரசாரக் குழுவே ஒஹாயோ ஆதரவாளர்களைக் கேசிக்குக்குப் போடச் சொன்னது. டிரம்ப்பைத் தடுக்க நினைத்த க்ரூஸ் ஆதரவாளர் ஒஹாயோவில் கேசிக்குக்கும் ஃபுளோரிடாவில் ரூபியோவுக்கும் போடுவதே கணக்குக்குப் பொருந்தியது. பலர் மனம் ஒப்பவில்லை. ஃபுளோரிடாவில் க்ரூஸுக்கு 17 சதவீதம் விழுந்து வீணானது.

டெக்சாஸில் இன்னொரு பொறி: 20 சதவீதத் தடை. அந்த அளவு வாக்கை எட்டாதவருக்கு மாநில அளவிலான பிரதிநிதிகளில் பங்கு கிடையாது. ரூபியோ 18 சதவீதத்தை ஒட்டி நின்றார். 155 பேரில் அவருக்கு 3, க்ரூஸுக்கு 104, டிரம்ப்புக்கு 48. கருத்துக்கணிப்பில் 15 முதல் 22 சதவீதத்தில் இருப்பவருக்கு இத்தகைய மாநிலத்தில் வாக்களிப்பது சூதாட்டம். தடையே இல்லாத வர்ஜீனியாவில் அதே வாக்குக்கு முழு மதிப்பு இருந்தது.

தேதிகள் இதைவிடக் கொடுமை. நியூயார்க்கில் 2016 ஏப்ரல் 19 பிரைமரியில் வாக்களிக்க, ஏற்கெனவே வேறு விதமாகப் பதிந்திருந்தவர் 2015 அக்டோபர் 9க்குள் கட்சிப் பதிவை மாற்றியிருக்க வேண்டும். டிரம்ப்பின் இரண்டு பிள்ளைகளே இதைத் தவறவிட்டுத் தந்தைக்கு வாக்களிக்க முடியாமல் போனது. ஃபுளோரிடாவில் கெடு தேர்தலுக்கு 29 நாள் முன்பு. முன்கூட்டியே தபாலில் போடும் மாநிலங்களில் அவசரம் ஆகாது: மார்ச் 15 அன்று விலகிய ரூபியோ, ஒரு வாரம் கழித்து அரிசோனாவில் களத்தில் இருந்த கேசிக்கைவிட அதிக வாக்கு பெற்றார், பெரும்பாலும் முன்பே அனுப்பப்பட்டவை. இறுதி நாளுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் வசதி இருந்தால் உறையைக் கையில் வைத்திருப்பதே நல்லது.

பென்சில்வேனியாவுக்குத் தனித் தயாரிப்பு தேவைப்பட்டது. அங்கே 71 பேரில் 17 பேர்தான் மாநில வெற்றியாளருக்குக் கட்டுப்பட்டவர்கள். மீதி 54 பேரை மாவட்டத்துக்கு மூன்று பேராக வாக்காளரே பெயர் பார்த்துத் தேர்ந்தார்கள்; அந்தப் பெயர்களுக்கு எதிரில் யாருடைய ஆதரவாளர் என்ற குறிப்பு வாக்குச்சீட்டில் கிடையாது, மாநாட்டில் அவர்களைக் கட்டுப்படுத்தும் விதியும் கிடையாது. தன் மாவட்டத்தில் நிற்பவர்கள் யார் பக்கம் என்று முன்பே விசாரித்து, மூன்று பெயர்களைத் தாளில் எழுதி எடுத்துப் போனவரின் வாக்கு எண்ணியவருக்கே போய்ச் சேர்ந்தது. அதிபர் வேட்பாளர் பெயருக்கு மட்டும் குறியிட்டு, பிரதிநிதிப் பெயர்களைக் காலியாக விட்டவர், தன் வாக்கின் பெரிய பகுதியை மற்றவர்கள் கையில் விட்டுவிட்டார்.