கார் சாவி ரிமோட் ரிப்பேர்: 9,500 ரூபா சொன்ன இடமும் 400 ரூபாய்ல முடிச்சு கொடுத்த பாய் கடையும்

ரெண்டு மாசமா என் கார் ரிமோட்டோட பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல, அதனால இந்த கடையைப் பத்தி எழுதியே ஆகணும்னு உட்கார்ந்திருக்கேன். சென்னை ஜிபி ரோடு பக்கத்துல ஒரு சந்துக்குள்ள இருக்கிற சின்ன சாவி கடை இது. ஒரு டேபிள், ஒரு லைட்டு, சுவர் முழுக்க தொங்குற சாவிங்க, அவ்ளோதான் கடை. ஆனா அங்க நடந்த வேலை மாதிரி நான் பெரிய ஏசி ஷோரூம்ல கூட பார்த்தது இல்ல.

முதல்ல பிரச்சனையை சொல்லிடறேன். என்னோடது 2016 மாடல் செகண்ட் ஹேண்ட் கார், வாங்கும்போதே ஒரு சாவிதான் கொடுத்தாங்க, ஸ்பேர் இல்ல. போன மழையில பைக்ல போகும்போது பேன்ட் பாக்கெட்லயே சாவி நல்லா நனைஞ்சிடுச்சு. துடைச்சு வெச்சேன், வேலை செஞ்சுது, நானும் மறந்துட்டேன். அப்புறம் மெல்ல மெல்ல அன்லாக் பட்டன் மட்டும் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது, மூணு தடவை நாலு தடவை அழுத்தணும், கடைசியில சுத்தமா செத்துடுச்சு. லாக் பட்டன் மட்டும் ஜம்முனு வேலை செய்யுது. இது போதாதுன்னு புது பேட்டரி போட்டா மூணே வாரத்துல காலி.

இதுல பெரிய தொல்லை என்னன்னா ரிமோட்ல லாக் பண்ணிட்டு கதவு ஓட்டையில சாவியை போட்டு திறந்தா அலாரம் கத்தும். வண்டி யாரோ திருட வந்துட்டாங்கன்னு நினைச்சுக்கும், உள்ள உட்கார்ந்து சாவியை போட்டு இக்னிஷன் ஆன் பண்ற வரைக்கும் நிக்காது. காலையில அஞ்சு மணிக்கு அப்பாவை டயாலிசிஸ்க்கு கூட்டிட்டு போகணும், வாரத்துக்கு மூணு நாள். ஒவ்வொரு தடவையும் அபார்ட்மென்ட்டே எழுந்துக்கும். கீழ் வீட்டு பாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா ஜன்னல்ல லைட் எரியறதை பார்த்தாலே எனக்கு அப்படி இருக்கும்.

ஒரு சர்வீஸ் சென்டர்ல கொண்டு போய் காட்டினேன், பேர் வேண்டாம். கவுன்டர்ல இருந்தவர் ரெண்டு பட்டனையும் அழுத்தி பார்த்துட்டு "ரிமோட் போயிடுச்சு சார், புது சாவி ஆர்டர் போடணும், ப்ரோக்ராமிங்கோட சேர்த்து 9,500 ஆகும், வர பதினஞ்சு நாள் ஆகும்"னு சொல்லிட்டார். திறந்து கூட பார்க்கல. எனக்கு கோவம் வந்தது காசுக்காக மட்டும் இல்ல, ஒரு பட்டன் வேலை செய்யுது இன்னொண்ணு செய்யலன்னா அதுக்கு என்ன காரணம்னு ஒரு நிமிஷம் கூட யோசிக்கலையேன்னுதான்.

ஆபீஸ்ல கூட வேலை செய்யற ஒருத்தர் இந்த சாவி கடை பாயோட நம்பர் கொடுத்தார். போன் பண்ணி விஷயத்தை சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டி ஸ்டார்ட் ஆவுதா தம்பி?" ஆவுதுன்னேன். "லாக் ஆவுது, அன்லாக் ஆவல, அதானே? அப்ப வண்டி வேணாம், சாவியை மட்டும் எடுத்துட்டு வா." சனிக்கிழமை எல்ஐசி மெட்ரோல இறங்கி பையனையும் கூட்டிட்டு நடந்தே போயிட்டேன்.

பாய் சாவியை வாங்கினதும் திறக்கல. டேபிள்ல ஒரு சின்ன டெஸ்டர் வெச்சிருக்கார், அது மேல ரிமோட்டை வெச்சு லாக் அழுத்தினார், திரையில 433.9னு நம்பர் வந்துது. அன்லாக் அழுத்தினார், ஒண்ணும் வரல. "பாத்தியா, சிக்னல் போவுது, அப்ப உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டு உயிரோட இருக்கு, இது வெறும் சுவிட்ச் கம்ப்ளைன்ட்டா இருக்கும்"னார். நம்ம ஊர் கார் ரிமோட் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ்லதான் பேசும்னும், ஸ்டார்ட் ஆவுதான்னு ஏன் கேட்டார்னும் அப்பதான் சொன்னார். சாவிக்குள்ள இம்மொபிலைசர் சிப்பு, அதாவது இது சரியான சாவிதான்னு வண்டிக்கு அடையாளம் காட்டற சிப்பு, தனியா இருக்கு, அதுக்கு பேட்டரியே வேண்டாம், சாவி போடற ஓட்டையை சுத்தி இருக்கிற கம்பிச்சுருள்ல இருந்து கரன்ட் எடுத்துக்கும். ரிமோட் செத்தாலும் வண்டி ஓடறது அதனாலதான்.

அப்புறம் பிளேடை வெச்சு ஓரமா நெம்பி திறந்தார். உள்ள பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, சுவிட்ச் காலை சுத்தி பச்சையா பூத்து போயிருந்துது, செம்பு பாத்திரத்துல களிம்பு ஏறுமே அதே மாதிரி. மழை தண்ணி செஞ்ச வேலை. அது வழியாதான் கொஞ்சம் கொஞ்சமா கரன்ட் கசிஞ்சு பேட்டரி காலியாகியிருக்கு. நான் மூணு பேட்டரி மாத்தினேன், மூணும் பேட்டரி தப்பு இல்ல! மீட்டர்ல என் பேட்டரியை வெச்சு காட்டினார், 2.6 வோல்ட். சிஆர் 2032 புதுசா இருந்தா மூணுக்கு மேல காட்டணும். கழட்டின பேட்டரியை உடனே மூடி போட்ட டப்பாவுல போட்டுட்டார், பக்கத்துல என் பையன் நிக்கிறான்ல, "இதை முழுங்கினா தொண்டையை அரிச்சிடும் தம்பி, வீட்லயும் கண்ட இடத்துல போடாதே"ன்னார். அந்த கவனம் எனக்கு ரொம்ப பிடிச்சுது.

அடுத்து செஞ்சதுதான் விஷயமே. புது பேட்டரியை போட்டுட்டு, அன்லாக் சுவிட்சை அழுத்தாம ட்வீசர் முனையால அதோட ரெண்டு காலையும் சேர்த்து தொட்டார். டெஸ்டர்ல 433.9 வந்துது! அதாவது சுவிட்ச் மட்டும்தான் அவுட்டு, மத்ததெல்லாம் நல்லாருக்குன்னு அஞ்சு செகண்ட்ல நிரூபிச்சுட்டார். இதை பார்க்கத்தான் எனக்கு 9,500 சொன்னாங்களான்னு இருந்துது.

ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல பிரஷை நனைச்சு போர்டை தேச்சு அந்த பச்சையெல்லாம் எடுத்தார். சால்டரிங்குக்கு போடற ஃப்ளக்ஸ் வெச்சு பழைய சுவிட்சை சூடு பண்ணி தூக்கினார், அரிசியை விட கொஞ்சம் பெருசு அவ்ளோதான் அது. ஒண்ணு போயிருந்தா இன்னொண்ணும் சீக்கிரம் போயிடும்னு லாக் சுவிட்சையும் சேர்த்தே மாத்தினார். பேட்டரி உட்கார்ற தகடு தளர்ந்திருந்துது, அதை லேசா மேல வளைச்சு விட்டார். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம். பேட்டரியோட 400 ரூபா.

கேஸ் மேல கீறலா இருக்கே, புது ஷெல் மாத்திடலாமான்னு நானே கேட்டேன். வேணாம்னுட்டார். மார்க்கெட்ல வர்ற டூப்ளிகேட் ஷெல்ல பட்டன் சரியா உட்காராது, சாவியை மடக்கி விரிக்கிற ஃபிளிப் ஸ்பிரிங்கும் சீக்கிரம் விட்டுடும், உன்னோடது நல்லாத்தானே இருக்குன்னார். விக்க வேண்டிய பொருளை வேணாம்னு சொல்ற கடைக்காரரை எங்க பார்க்கிறது சொல்லுங்க. இன்னொண்ணும் சொன்னார், அந்த இம்மொபிலைசர் சிப்பு சில சாவியில பழைய ஷெல்லோட ஓரத்துல தனியா ஒட்டியிருக்கும், தெரியாம பழைய ஷெல்லை தூக்கி போட்டுட்டு வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு ஓடி வர்றவங்க நிறைய பேராம். வீட்ல தானா ஷெல் மாத்தறவங்க இதை கண்டிப்பா மனசுல வெச்சுக்கோங்க.

ப்ரோக்ராமிங் வேணாமான்னு கேட்டதுக்கு, அதே போர்டுதானே, வண்டிக்கு அந்த போர்டை தெரியும், எதுவும் பண்ண வேணாம்னார். சரியாத்தான் இருந்துது, வீட்டுக்கு வந்து ரெண்டாவது மாடி பால்கனியில நின்னு அழுத்தினேன், கீழ இண்டிகேட்டர் ரெண்டு தடவை மின்னுச்சு. திங்கட்கிழமை காலையில சத்தமே இல்லாம கதவு திறந்துது, அப்பா "சரியாயிடுச்சா"ன்னு ஒரே வார்த்தை கேட்டார். இப்ப அஞ்சு வாரம் ஆச்சு, பேட்டரி அப்படியே இருக்கு.

ஸ்பேர் சாவி ஒண்ணு போட்டு கொடுங்கன்னும் கேட்டிருக்கேன். அதுக்கு வண்டி, ஆர்சி, ஆதார் மூணும் வேணும், இல்லன்னா தொட மாட்டேன்னு கறாரா சொல்லிட்டார். எனக்கு அதுல சந்தோஷம்தான், என் வண்டிக்கும் வேற யாரோ போய் சாவி கேட்கலாம்ல.

குறைன்னு சொன்னா பில் கிடையாது, உட்கார ஒரே ஒரு ஸ்டூல், கூட்டம் இருந்தா வெயில்லதான் நிக்கணும், வயசானவங்களை கூட்டிட்டு போகாதீங்க. வாரன்ட்டின்னு பேப்பர்ல எதுவும் இல்ல, வாய் வார்த்தையா மூணு மாசம் சொன்னார். பட்டன் ஸ்டார்ட் வண்டியோட ஸ்மார்ட் கீ எல்லாத்தையும் எடுக்க மாட்டார், முதல்லயே போன்ல கேட்டுக்கோங்க. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துல கடை மூடியிருக்கும், மூணு மணிக்கு மேல போங்க. ஞாயிறு லீவு.