டியூப்லெஸ் என்று சொல்லி டியூப் டயரை மாட்டிவிட்டார்கள்: கோவையில் மவுண்டன் பைக் டயர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கோவையில் மவுண்டன் பைக்குக்கு டயர் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

நான் ஓட்டுவது ஊரைச் சுற்றியுள்ள இட்டேரிகளிலும் (இரண்டு பக்கமும் வேலி போட்ட மண் பாதைகள்) குளக்கரைகளிலும். காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், யானையும் நடமாடும், அதனால் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் இட்டேரியே டயருக்குப் பெரிய சோதனைதான். செம்மண், சரளை, கரிசல் எல்லாம் மாறி மாறி வரும். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்துவிடும். கனமழை என்றால் அக்டோபர், நவம்பர். மார்ச்சுக்கு அப்புறம் மண் இறுகி, மேலே பொடிச்சரளை உருளும். இதோடு முள் வேறு: வேலியில் கிளுவை, குளத்துக்குள் சீமைக் கருவேலம், தரையில் நெருஞ்சி. டியூப் போட்டு ஓட்டினால் பஞ்சர் ஒட்டுவதே வேலையாகிவிடும். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில் உள்ளே ஊற்றும் சீலன்ட் என்கிற ஒட்டுத் திரவம் நெருஞ்சி குத்தின ஓட்டையை நாம் கவனிப்பதற்குள் அடைத்துவிடும்.

அதனால் கடையில் தெளிவாகவே கேட்டேன். இருபத்தொன்பது இஞ்ச் சக்கரம், வருடம் முழுக்க ஒரே ஜோடி, இரண்டும் டியூப்லெஸ், முன் டயரில் ஓரத்துப் பட்டன்கள் (மண்ணைப் பிடிக்கிற ரப்பர் முட்டுகள்) உயரமாக இருக்க வேண்டும். “வண்டிய விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் ரெடியா இருக்குமுங்க” என்றார்கள்.

சாயங்காலம் போனபோது டயர் மாட்டி, சீலன்ட் ஊற்றி, காற்றும் அடித்து வைத்திருந்தார்கள். புது டயரைச் சுற்றி வரும் அட்டைப் பட்டை இல்லை. கேட்டதற்குக் குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். முன்னாலும் பின்னாலும் ஒரே டயர், பட்டன்கள் குட்டையாக, நெருக்கமாக. சைடுவாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், ‘டியூப்லெஸ் ரெடி’ என்று ஒரு ஸ்டிக்கர். கருகருவென்று மின்னியது. “ஆல் சீசன் டயருங்க, எல்லாரும் ரெண்டு பக்கமும் இதையேதான் போடறாங்க, கண்ண மூடிட்டு ஓட்டலாமுங்க” என்றார் கடைக்காரர். டயர், வால்வு, ரிம் டேப், சீலன்ட், கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குப் பக்கம் வாங்கினார்கள். பில்லில் கையால் ‘எம்டிபி டயர் 2’, அதாவது மவுண்டன் பைக் டயர் இரண்டு, என்று எழுதியிருந்தது. மாடல் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

மறுநாள் காலையிலேயே காற்று இறங்கியிருந்தது. “சீலன்ட் செட் ஆகணுமுங்க, ரெண்டு நாள் ஓட்டுங்க” என்றார்கள். ஓட்டினேன். சைடுவாலில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு கசிந்தது. புது டியூப்லெஸ் டயரிலும் ஆரம்பத்தில் கொஞ்சம் கசியும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது நிற்கவே இல்லை. திரும்பப் போனால் இன்னும் கொஞ்சம் சீலன்ட் ஊற்றிவிட்டு அதற்கும் காசு வாங்கினார்கள்.

மழை வந்ததும் அந்த ஆல் சீசன் பேச்சும் பொய்யென்று தெரிந்தது. பணியாரக் குழியில் மாவு ஊற்றியதுபோல் பட்டன் இடுக்கெல்லாம் கரிசல் அடைத்துக்கொண்டு, டயர் வழுவழுவென்று ஆகிவிட்டது. இடைவெளி அதிகமுள்ள பட்டன்கள் சுற்றும்போதே சேற்றை உதறிவிடும். குட்டையாக நெருங்கி இருப்பவை உதறாது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. ஒரு இட்டேரித் திருப்பத்தில் முன் டயர் பக்கவாட்டில் ரிம்மை விட்டுக் கழன்று, சீலன்ட் முகத்தில் பீய்ச்சி அடித்தது. கிளுவை வேலியில் போய் விழுந்தேன். முழங்கை கிழிந்ததோடு போயிற்று. இதே கல் நிறைந்த ஒரு இறக்கத்தில் நடந்திருந்தால் தாடை உடைந்திருக்கும். டியூப்லெஸ் டயரின் உள்விளிம்பை, ரிம்மின் தோளில் இறுக்கமாக உட்கார்ந்து காற்றைப் பிடிக்கிற மாதிரிச் செய்திருப்பார்கள். டியூப் டயருக்கு அந்த இறுக்கம் தேவையில்லை, காற்றைப் பிடிப்பது டியூப்தான். டியூப் டயரை டியூப் இல்லாமல் மாட்டி, காற்றைக் குறைத்துத் திருப்பினால் விளிம்பு விட்டுவிடும். சீலன்ட் ஓட்டையை அடைக்கும். விளிம்பைப் பிடித்து நிறுத்தாது.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஒரு பக்கத்தைக் கழற்றினதுமே, “யாருங்க தம்பி இத டியூப்லெஸ்னு சொன்னது? உள்ள கம்பி ஓடுதுங்க பாருங்க” என்றார். உள்விளிம்பில் கம்பி வைத்த டயர்களில் டியூப்லெஸ்ஸுக்கென்று செய்தவை அபூர்வம். ஸ்டிக்கரை உரித்தார். கீழே ரப்பரில் அச்சாகியிருந்தது அளவும் காற்றழுத்தமும் மட்டும். டியூப்லெஸ் என்ற வார்த்தை எந்தப் பக்கமும் இல்லை. அப்புறம் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தார். துணி கருப்பாகிவிட்டது, டயர் பழுப்பு நிறத்தில் வெளியே வந்தது. ஒவ்வொரு பட்டனின் அடியிலும் மயிரிழை வெடிப்பு. நகத்தால் அழுத்தினால் ரப்பர் கொஞ்சமும் அமுங்கவில்லை. பல வருடம் கிடந்த சரக்கைப் பாலிஷ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைக்காரர் பதில்: “யூஸ் பண்ணின டயர எப்படிங்க திருப்பி எடுக்கறது?” பில்லின் அடியில் அச்சடித்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரியைக் காட்டினார்.

அந்த வரியைப் பார்த்து யாரும் திரும்பி வந்துவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பதும் அதே வகைதான். ஒழுங்கான பில் தராததும் அதில் வரும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், செலவில்லை. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும். நான் 1915-இல் பதிவு செய்த பிறகு, அதுவரை போனையே எடுக்காத கடையிலிருந்து “பாதிப் பணம் தர்றோமுங்க” என்று அழைப்பு வந்தது. மறுத்துவிட்டேன். முழுப் பணமும் வேண்டும், அந்த ஸ்டிக்கர் வேலையும் நிற்க வேண்டும்.

வாங்கும்போது ஸ்டிக்கரை விடுங்கள், ரப்பரிலேயே அச்சாகியிருக்கும் எழுத்தைப் படியுங்கள். டியூப்லெஸ் என்பதற்கு மேக்ஸிஸ் டயர்களில் ‘டிஆர்’ (TR), ஷ்வால்பேயில் ‘டிஎல்இ’ (TLE) அல்லது ‘டிஎல்ஆர்’ (TLR) என்று இருக்கும். அளவுக்கு 57-622 போன்ற எண்ணைப் பாருங்கள். முதலாவது டயரின் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது ரிம்மில் உட்காரும் விட்டம். இருபத்தொன்பது இஞ்சுக்கு 622, இருபத்தேழரைக்கு 584, இருபத்தாறுக்கு 559. கார் டயரில் இருப்பதுபோல் தயாரித்த வாரமும் வருடமும் எல்லா சைக்கிள் டயரிலும் இருக்காது, அதனால் துடைத்தும் வளைத்தும் பார்ப்பதுதான் வழி. முக்கியமாக, டயரை உங்கள் கண்முன்னே பிரித்து மாட்டச் சொல்லுங்கள். அட்டைப் பட்டையை வாங்கி வையுங்கள், பில்லில் மாடல் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வருடம் முழுக்க ஒரே ஜோடி என்பது நம் ஊரில் முடியாத காரியம் இல்லை. ஆனால் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே டயர் என்றால் கஷ்டம். இப்போது முன்னால் ஓரத்துப் பட்டன் உயர்ந்த ஷ்வால்பே நாபி நிக், பின்னால் பட்டன் நெருங்கிய மேக்ஸிஸ் ரேக்கான் போட்டிருக்கிறேன். சேற்றில் முன் சக்கரம் பிடிக்கிறது, காய்ந்த மண்ணில் பின் சக்கரம் இழுக்காமல் ஓடுகிறது. நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் டயரில் இப்படி டியூப்லெஸ் ஸ்டிக்கர் இருந்தால் இன்றே உரித்துப் பாருங்கள். ரப்பரில் டியூப்லெஸ் குறி எதுவும் அச்சாகவில்லை என்றால் உடனே டியூப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். டயரைக் கடையில் திருப்பிக் கொடுக்கும் முன் ஸ்டிக்கர், வெடிப்பு, பில் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள்.